அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டம்

போன மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து ஒரு பெண் உதவி ஆய்வாளர் போன் செய்தார். "ஐயா, இப்பல்லாம் பொதுக்கூட்டப் பேச்சை மெஷினே எழுதிடுதுங்க. மேடையில பேசறவர் சொல்றதைச் சரியாப் போடுது. கீழ இருக்கிற ஜனங்க ஏதாவது சொன்னா மட்டும் 'ஒலி தெளிவில்லை'ன்னு போட்டுட்டுப் போயிடுது. நீங்க எப்படி எழுதினீங்க?" என்று கேட்டார். "அடைப்புக்குறிக்குள்ள போடுவோம்மா" என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் போதவில்லை. அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் காவல்துறையில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். திருடனைத் துரத்தியதில்லை, லத்தியைத் தொட்டதில்லை. பொதுக்கூட்டம் எங்கே நடந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் எழுதி வருவதுதான் என் வேலை. கும்பகோணத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சுருக்கெழுத்து படித்தேன். முதலில் விரல் வலித்தது, பிறகு வலிக்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

என்னைப் பார்த்ததும் பேச்சாளர்களுக்கு ஒரு தனி வேகம் வந்துவிடும். "காவல்துறை நண்பர் நன்றாகக் குறித்துக்கொள்ளட்டும்!" என்று என்னைக் கை காட்டிவிட்டு, அதுவரை சொல்லத் தயங்கியதையெல்லாம் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் அதே மனிதர் இறங்கி வந்து, "சார், அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்று காதோரம் சொல்வார். பார்த்தெல்லாம் எழுத முடியாது. சொன்னால் சொன்னதுதான். எனக்கு வரும் சோடா மட்டும் எல்லாக் கட்சி மேடையிலும் ஒரே மாதிரி சூடாக இருக்கும்.

எழுதுவதில் ஒரு முறை உண்டு. பேச்சாளர் சொல்வது வரியில் வரும். கூட்டம் செய்வது அடைப்புக்குறிக்குள் போகும். (கைதட்டல்), (சிரிப்பு), (கோஷம்), (சலசலப்பு). இந்த நான்கை விட்டால் ஐந்தாவதாக ஒன்றை, ஒரே ஒரு தடவை தவிர, நான் எழுதியதே இல்லை. மறுநாள் காலையில் அதை முழு வாக்கியங்களாக விரித்துத் தட்டச்சு செய்து என் ஆய்வாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்த பிறகு அது ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு மேலே போகும்.

அந்த ஆய்வாளர் பெயர் சவரிமுத்து. வேளாங்கண்ணிப் பக்கத்து மனிதர். பெரிய உடம்பு, சின்னக் குரல். நான் கொடுக்கும் தாள்களை மனத்துக்குள் படிக்க மாட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாய்விட்டு, ஏற்ற இறக்கமே இல்லாமல் படிப்பார். மேடையில் தீப்பொறி பறந்த பேச்சு அவர் வாயில் மளிகைச் சாமான் பட்டியலாகிவிடும். ஏன் இப்படிப் படிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கோர்ட்டுல ஜட்ஜ் இப்படித்தான்யா படிப்பாரு. குரலை எடுத்துட்டுப் படிக்கும்போதும் அது குத்தமாத் தெரிஞ்சாத்தான் குத்தம். இல்லன்னா அது வெறும் சத்தம்" என்றார்.

சந்தேகமான சொல் வந்தால் விரலை அதன்மேல் வைத்து என்னைப் பார்ப்பார். "கேட்டியா, கேட்ட மாதிரி இருந்துச்சா?" கேட்ட மாதிரி இருந்தது என்றால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் புள்ளி வைக்கச் சொல்வார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்தது மேட்டூர் அணை திறக்காத ஒரு வருஷத்தில் நடந்தது. குறுவை இல்லை. சம்பாவாவது உண்டா என்று யாருக்கும் தெரியாது. காவிரியில் தண்ணீருக்குப் பதில் ஆட்டு மந்தை போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் இராக்கில் அமெரிக்கப் படை புகுந்து அங்கிருந்த ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. அங்கே காவலுக்கு நம் படையையும் அனுப்பலாமா என்று டெல்லியில் யோசனை நடப்பதாகத் தினமும் பேப்பரில் வந்தது.

டெல்டாவில் அது வெறும் பேப்பர் செய்தியாக இல்லை. பட்டாளத்தில் பிள்ளை இருக்கும் வீடு ஊருக்கு இரண்டு மூன்று இருக்கும். வளைகுடாவில் வேலைக்குப் போன ஆள் இருக்கும் வீடு தெருவுக்கு இரண்டு மூன்று இருக்கும். ஆகவே விவசாயிகள், வியாபாரிகள், ஜமாத்துக்காரர்கள், ஓய்வு பெற்ற படைவீரர்கள் எல்லாரும் சேர்ந்து திருவையாற்றில் ஒரு கண்டனக் கூட்டம் போட்டார்கள். ஊருக்குள் இடம் போதாது என்று காவிரிப் படித்துறைக்குக் கீழே மணலிலேயே மேடை கட்டினார்கள்.

நான் எத்தனையோ மாநாடுகளைப் பார்த்தவன். லாரியில் ஏற்றி வரும் கூட்டத்துக்கும் தானாக வரும் கூட்டத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் இரண்டு கரையிலிருந்தும் ஜனங்கள் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். கட்சிக்கரை வேட்டி கண்ணில் படவில்லை. வயல் வேலைக்குக் கட்டும் புடவையோடு பெண்கள், வெள்ளைத் தொப்பியோடு பெரியவர்கள், சட்டையில் பதக்கம் குத்திய முன்னாள் சிப்பாய்கள். தண்ணீர் ஓட வேண்டிய அகலம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தின் மேல் பஸ்கள் நின்றுவிட்டன. ஜன்னல் வழியாகத் தலைகள் தெரிந்தன. எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் மேசைக்கால் ஒன்று மணலில் புதைந்துகொண்டே போனதால் கொஞ்சம் சாய்ந்தபடிதான் அந்தப் பிரமிப்பை அனுபவித்தேன். எனக்குப் பின்னால் சவரிமுத்து ஐயா பந்தோபஸ்துக்கு யூனிபார்மில் நின்றிருந்தார்.

முதலில் பேசியவர்கள் வழக்கம்போல் பேசினார்கள். பிறகு கமால் பாய் என்ற மளிகைக் கடைக்காரர் வந்தார். "என் தம்பி குவைத்துல கொத்தனாரு. இராக் பார்டருக்கு இந்தப் பக்கம் கரணையோட நிக்கிறான். நம்ம சரோஜாக்கா மவன் துப்பாக்கியோட அந்தப் பக்கம் போயி நின்னான்னு வைங்க. ஒரே ஊரு ஆளுங்க ரெண்டு பேரும், சாயங்காலம் டீ குடிக்க யாரு எந்தப் பக்கம் வர்றதுன்னு முழிச்சிக்கிட்டு நிக்கணும்" என்றார். (சிரிப்பு) என்று போட்டேன்.

அடுத்து அந்தச் சரோஜா அக்காவையே கூப்பிட்டார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிற பெண். கணவர் இல்லை. ஒரே மகன் பட்டாளத்தில். மைக் முன்னால் வந்து நின்று, அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தார். "எம்புள்ள போன வாரம் எஸ்.டி.டி பூத்துக்குப் போன் பண்ணான். 'எங்களையும் அந்தச் சண்டை நடக்கிற தேசத்துக்கு அனுப்புவாங்க போலருக்கும்மா. ஆர்டர் வந்தா போறேன்'னான். நான் அவன்ட்ட சொன்னேன், போறேன்னு சொல்லாதடா..."

அதோடு நின்றுவிட்டார். மைக் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பென்சிலைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தேன்.

அப்போது அந்தக் கூட்டம் மிச்சத்தைச் சொன்னது. "போயிட்டு வர்றேன்னு சொல்லு."

யாரும் தொடங்கி வைக்கவில்லை. கோஷம் போடவில்லை, கை தூக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று பிள்ளையிடம் சொல்கிற அதே தணிந்த குரலில், ஆற்றின் அகலம் முழுவதும் ஒரே வாக்கியம். கரையில் டீக்கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். பாலத்து மேலிருந்தும் வந்தது. மணல் வழியாக என் காலில் ஏறுவதுபோல் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயமாகவும் இருந்தது. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்று வரைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. நம் வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கக் கூடாது, அது திரும்பி வராதவர்கள் சொல்லும் சொல். அதை அப்படியே அந்தரத்தில் தொங்க விட யாருக்கும் மனம் வரவில்லை. சரோஜா அக்கா கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

எப்படி எழுதுவது? (கோஷம்) இல்லை. (சலசலப்பு) இல்லவே இல்லை. கூட்டம் சொன்னதை வரியில் போட முறை கிடையாது. ஆகவே அடைப்புக்குறிக்குள் அந்த முழு வாக்கியத்தையும் எழுதினேன்: (கூட்டம்: போயிட்டு வர்றேன்னு சொல்லு). மறுநாள் சவரிமுத்து ஐயா வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். விரலை வைக்கவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அனுப்பிடு" என்றார்.

சில நாள் கழித்து எங்கள் இருவரையும் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். வங்காளத்துக்காரர், இளவயது. தமிழைப் புத்தகத்தில் படித்துத் தேறியவர், ஆகவே எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். அவர் மேசையில் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

"இந்த அம்மையார், படையில் இருக்கும் தன் மகனிடம், போகிறேன் என்று சொல்லாதே எனக் கூறியிருக்கிறார். ஆணை வந்தால் மறுத்துவிடு என்றுதானே பொருள்? அரசைப் பார்த்து, அனுப்பாதே என்று சொல்லலாம். அது அவர்கள் உரிமை. சிப்பாயைப் பார்த்து, போகாதே என்பது வேறு" என்றார்.

சிப்பாயைக் கடமை தவறத் தூண்டினார் என்று வழக்குப் பதிவானால் அந்த அம்மா சிறைக்குப் போக வேண்டும். பையனுடைய படைப்பிரிவுக்கும் தகவல் போகும். அதோடு அவன் வேலையும் போகும். ஒரு பாதி வாக்கியத்துக்கு இவ்வளவும்.

"சார், அதுக்குப் பின்னாடி அடைப்புக்குள்ள ஒரு வரி இருக்கு" என்றார் சவரிமுத்து ஐயா.

"மொழிபெயர்ப்பில் இல்லையே?"

"அடைப்பை யாரும் மொழிபெயர்க்க மாட்டாங்க சார். கைதட்டல், சிரிப்புன்னுதான் இருக்கும். தாண்டிப் போயிடுவாங்க."

அதிகாரி தமிழ்த் தாளை வரவழைத்தார். நான் படித்துக் காட்டினேன். "நல்லது. ஆனால் இதைக் கூட்டம் சொன்னது, அவர் சொல்லவில்லை. அவர் சொல்ல வந்தது என்ன? கேட்டு வாருங்கள். கூட்டத்தில் அப்படிச் சொன்னவர் ஒருவராவது ஏன் சொன்னார் என்று எழுதிக் கொடுத்தால் நான் பார்க்கிறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேலேயும் கேட்கிறவர்கள் இருந்தார்கள்.

ஜீப்பை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனோம். போலீஸ் ஜீப் வாசலில் நின்றால் அந்த அம்மாவை ஊர் என்ன பேசும் என்று ஐயா யோசித்திருக்கிறார். சரோஜா அக்கா வயலோரம் வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் ஈரமே இல்லை.

"தண்ணியே வரலியேம்மா, எதுக்கு வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"வர்றப்ப வழி இருக்கணும்ல சார்" என்றார்.

சவரிமுத்து ஐயா வரப்பில் உட்கார்ந்தார். எந்தப் பக்கமும் சாயாத குரலில், தாளைப் படிக்கிற அதே குரலில், விஷயத்தைச் சொன்னார். வழக்கு வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. "நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார்.

சுலபமான பதில் ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊரே எடுத்துக் கொடுத்த பதில். அதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சொல்லிவிட வேண்டுமே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "பொய் சொல்ல மாட்டேங்க. போன்ல அவன்ட்ட 'போயிட்டு வர்றேன்னு சொல்லு'ன்னுதான் சொன்னேன். அது சத்தியம். ஆனா அன்னிக்கு மைக்குல நிக்கிறப்ப அது வாயில வரல. 'போவாதடா'ன்னுதான் வந்துச்சு. முழுங்கிக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள சனம் சொல்லிடுச்சு."

என் கை பென்சிலோடு நின்றது. எழுதினால் அவர் மாட்டிக்கொள்வார். எழுதாமலிருப்பது என் வழக்கமில்லை. ஐயாவைப் பார்த்தேன்.

"வாயில வந்துச்சு. வெளிய வந்துச்சாம்மா?" என்று அவர் கேட்டார்.

"வெளிய வரலீங்க."

"அப்ப அது எங்க வேலையில்ல. சொன்னதை எழுதத்தான் அரசாங்கம் இவருக்குச் சம்பளம் குடுக்குது. முழுங்கினதை எழுத இல்ல." என் பக்கம் திரும்பி, "போன்ல சொன்னதை எழுதிக்க" என்றார்.

கூட்டத்தில் சொன்னவர் ஒருவரைத் தேடுவதுதான் பாக்கி. ஆற்று மணலில் அத்தனை ஆயிரம் பேர் சொன்னார்கள். ஆனால் போலீஸ்காரன் நோட்டோடு போய், 'நீ சொன்னாயா?' என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? கமால் பாயைக் கேட்கலாமா என்றேன். "வேணாம்யா. அவருக்குக் கடை இருக்கு. நாளைக்கு யாராவது அவரைப் புடிச்சு இழுப்பான்" என்று ஐயா மறுத்துவிட்டார்.

மேலதிகாரி அறையில், அந்த அம்மா போனில் சொன்னதாகச் சொன்னதை நான் படித்தேன். "இப்போது இப்படிச் சொல்வது எளிது அல்லவா? சாட்சி கிடைத்தாரா?" என்று அவர் கேட்டார்.

"கிடைச்சார் சார்" என்றார் சவரிமுத்து ஐயா.

"யார்?"

"நான் சொன்னேன் சார். யூனிபார்ம்ல, டியூட்டியில, இவருக்குப் பின்னாடி நின்னு சொன்னேன். எழுதித் தரேன். வழக்குப் போடறதா இருந்தா முதல் பேரா என் பேரைப் போட்டுக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை குரல்களுக்கு நடுவில் அவர் குரலை நான் தனியாகக் கேட்டிருக்கவில்லை. அரசாங்கத்தின் திட்டத்தை எதிர்த்துப் போட்ட கூட்டத்தில் பந்தோபஸ்துக்கு நின்ற ஆய்வாளர், கூட்டத்தோடு சேர்ந்து வாய் திறந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் அவர் உத்தியோகமே கேள்விக்குறியாகிவிடும். ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இருக்கவில்லை. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. குரலில் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லை.

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் சொன்னீர்கள்? அவர்கள் போராட்டத்தை ஆதரிக்கிறீர்களா?"

"அதையெல்லாம் நான் யோசிக்கல சார். ஒரு தாய் 'போறேன்'ங்கிற வார்த்தையோட நிறுத்திட்டா. அதை அப்படியே விட்டுட்டு நிக்க என்னால முடியல. வாய் தானா சொல்லிடுச்சு. எங்க ஊர்ல எவனாலயும் முடியாது சார்."

அதிகாரி சிவப்புக் கோடு போட்ட வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதுவரை எங்களிடம் பேசாத ஒரு குரலில், "எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றார். "வீட்டை விட்டுக் கிளம்பும்போது, போகிறேன் என்று சொல்ல அம்மா விடமாட்டார். வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் படித்ததால் எனக்குத் தோன்றவில்லை."

பேனாவை எடுத்து, விட்டுப்போன வரியைத் தன் கையாலேயே மொழிபெயர்ப்பின் நடுவில் எழுதினார். அடைப்புக்குறி போடவில்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கீழே குறித்துக் கையெழுத்திட்டார். "நீங்கள் எழுதித் தர வேண்டியதில்லை" என்று ஐயாவிடம் சொன்னார். வெளியே வந்ததும் ஐயா கேன்டீனில் இரண்டு டீ சொன்னார். என் டம்ளரைப் போலவே அவர் டம்ளரும் கொஞ்சம் ஆடியது என்பதைப் பார்த்துப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த மனிதருக்கு முன்னால் அன்று நான் என்னை மிகச் சின்னவனாக உணர்ந்தேன்.

அதன் பிறகு அதிக நாள் ஆகவில்லை. படையை அனுப்பப் போவதில்லை என்று டெல்லி அறிவித்துவிட்டது. நாடு முழுக்க எத்தனையோ இடங்களில் ஜனங்கள் எதிர்த்தார்கள். எங்கள் மணல் கூட்டத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது. நான் காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

செய்தி வந்த மறுநாள் நானே பஸ் ஏறிப் போனேன். சரோஜா அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. "கெட்ட சேதி இல்லம்மா. பட்டாளத்தை அனுப்பலியாம். முடிவாயிடுச்சு" என்றேன்.

முதலில் நம்பவில்லை. இரண்டு தரம் சொல்ல வைத்தார். பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்தார். நாலு தடவை புடைத்திருப்பார்.

"சார், நம்ம ஆளுங்க போவலன்னா அங்க வேற யாரு வீட்டுப் புள்ளைங்க போவும்?"

"வேற தேசத்துக்காரங்க யாராச்சும் போவாங்கம்மா."

"அதுங்களுக்கும் அம்மா இருக்கும்ல?"

"இருக்கும்மா."

முறம் அவர் மடியில் இறங்கிவிட்டது. "எம்புள்ள போவலன்னதும் நான் சிரிச்சிட்டேனே சார்" என்றார்.